லாபத்தை உள்ளேயே விடச் சொன்ன கொழுந்தன்

அந்தத் தெருவில் அவளுக்கு வால்வுக்காரம்மா என்றுதான் பெயர். கணவர் இறந்தபின் லேத் பட்டறையை ஏற்று நடத்தியவள். முதல் போட்டவன் கொழுந்தன். ஆளுக்குப் பாதிப் பங்கு. ஆண்டு முடிந்தால் தன் பாதி லாபத்தை வழித்தெடுத்துக்கொண்டு போய்விடுவான். குழாயில் தண்ணீர் பின்வாங்காமல் தடுக்கும், அடைப்பே எடுக்காத புது வால்வு ஒன்று நெடுநாளாக அவள் மனதில் இருந்தது. செய்து பார்க்கலாமா என்று கேட்டால், "இருக்கறதே போதும் அண்ணி" என்று வாயடைத்துவிடுவான்.

அப்படிப்பட்டவன் ஒரு நாள் வந்து, "இந்தத் தடவை லாபத்தை உள்ளேயே விட்டுடலாம் அண்ணி. உங்க வால்வைச் செஞ்சு பாருங்க" என்றான்.

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுகிறதோ? நேரே ஆடிட்டரிடம் போனாள்.

"பங்கு லாபத்துக்கு வரி ஏத்திட்டாங்கம்மா. வெளியே எடுத்தா மூணுல ஒரு பங்கு போயிடும். புதுசா எதையாவது கண்டுபிடிக்கச் செலவு பண்ணா வரி இல்ல. அதான் உங்க கொழுந்தனுக்கு ஞானம் பொறந்திருக்கு."

"அவ்வளவுதானா?"

"வேற என்னம்மா இருக்கு?"

அவளுக்கு எங்கோ இடித்தது; ஆனாலும் சம்மதித்தாள். வரைந்து முடித்ததுமே வால்வின் உரிமையைத் தன் பெயரில் பதிந்துவிட்டாள். பிறகுதான் உலோகத்தில் கை வைத்தாள். ரப்பர் தட்டு கிழிந்தது, இரும்புத் தட்டு சிக்கியது. தட்டு உட்காரும் வளையத்தைச் சாய்வாகக் கடைந்த பிறகு ஒரு சொட்டுகூடப் பின்வாங்கவில்லை.

அந்தச் செய்தி வெளியே போன சூட்டோடு, இருவர் வந்து பட்டறையை நாடா பிடித்து அளந்தார்கள்.

"யாருப்பா நீங்க?"

"உங்க கொழுந்தன் பங்கை எங்க கம்பெனி வாங்குது. உங்களுக்குத் தெரியாதா?"

கொழுந்தனை வரவழைத்துக் கேட்டாள். மென்று விழுங்கினான். "பங்கை வித்து வர்ற லாபத்துக்கும் அடுத்த வருஷம் வரி ஏறுது அண்ணி. அதுக்குள்ள..."

"அதுக்குள்ள என் வால்வைக் காட்டி விலையை ஏத்திக்கலாம்னு பாத்தே."

வால்வின் உரிமை பட்டறைக்கு இல்லை என்று அறிந்ததும் கம்பெனி விலகிக்கொண்டது. அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தான். அடுத்த வருடம் அந்த வரியும் ஏறியது. விற்கவும் முடியாமல் எடுக்கவும் மனமில்லாமல் அவன் போட்ட முதல் பட்டறையிலேயே கிடந்தது. வால்வு நன்றாக விற்றது; இன்னும் இரண்டு லேத் வந்தன.

எதிர்வரிசையில் மோட்டார் செய்து விற்றவருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதே வரிக்குப் பயந்து, அவருக்கு முதல் போட்டவர் பணத்தை உருவிக்கொண்டு வேறு நாட்டுக்குப் போய்விட்டார். பாதியில் நின்ற புது மோட்டாரோடு கடையைப் பூட்டினார் அவர். அவருடைய ஆட்கள் இருவருக்கு இவள் வேலை கொடுத்தாள்.

கொழுந்தன் அதைக் காட்டிப் பெருமை பேசினான். "பாத்தீங்களா? நான் பணத்தை உள்ளேயே விட்டு வெச்சேன்."

"விட்டு வெச்சியா, மாட்டிக்கிட்டியா?" என்றாள் அவள்.