கதவில் விழுந்த குழிகள்

எங்கள் ஜீப்பின் இடது கதவில் குழிகள் இருக்கின்றன. தட்டி நிமிர்த்த ஒரு மணி நேரம் கூட ஆகாது. ஆனாலும் நிமிர்த்தவில்லை. ஒவ்வொரு குழியும் யாரோ ஒருவனுடைய மூக்கு. மூக்கு வாங்கவேண்டியதைக் கதவு வாங்கிக்கொண்டது.

குத்தியவன் எங்கள் ஒத்தக்காது. பழைய வண்டிகளை உடைத்துப் பிரித்து விற்கிற யார்டில் வேலை. இடது காது இருக்கவேண்டிய இடத்தில் சுருங்கிய தோல்தான் இருக்கும். பத்தொன்பது வயதில் அவனும் அவன் அண்ணனும் மர டிப்போவில் வேலை பார்த்தார்கள். அங்கே மரத்தடிகளை வின்ச் வைத்து இழுப்பார்கள். வின்ச் என்றால் இரும்பு வடத்தை உருளையில் சுருட்டி இழுக்கிற எந்திரம். ஒருநாள் காலையில் வடம் அறுந்தது. இறுக்கத்தில் அறுந்த வடம் கீழே விழாது, சாட்டையாகத் திரும்பி வரும். போகிற போக்கில் இவன் காதைச் சீவிவிட்டு, வடத்துக்குப் பக்கத்தில் நின்ற அண்ணனை இடுப்பில் அடித்தது. அண்ணன் எழுந்திருக்கவே இல்லை.

அன்றிலிருந்து இவனுக்கு வாய்க்கு முன்னால் கை வரும். ஜாக்கி போட்ட வண்டிக்கு அடியில் தலையை நீட்டிய ஒரு வாடிக்கையாளரைக் காலைப் பிடித்து வெளியே இழுத்து, எழுந்து நிற்பதற்குள் இரண்டு அறை விட்டான். கேஸ் சிலிண்டர் பக்கத்தில் சிகரெட் பற்றவைத்த மேஸ்திரியின் தோள்பட்டை எலும்பை முறித்தான். இப்படியே மூன்று இடத்தில் வேலை போனது. அவன் சம்சாரம் ஒருமுறை என்னிடம் சொன்னாள்: "அண்ணே, காலையில வேலைக்கிப் போறப்ப டிபன் டப்பாவை மறந்தாலும் பரவால்ல, கையை வீட்லயே வெச்சிட்டுப் போங்கன்னு சொல்றேன். கேக்கவா போறாரு?"

நாங்கள் நான்கு பேர். நான் குழாய் வேலை செய்கிறவன். என் தங்கச்சி புருஷன் லாரி டிரைவர். நான்காவது ஆள் முடி வெட்டுகிறவன். அவன் கடைதான் எங்கள் கூடாரம். ஜீப் எடுத்துக்கொண்டு மலைக்குப் போகவேண்டும், தார் ரோடே இல்லாத பாதையில் மூன்று நாள் ஏறி இறங்கவேண்டும் என்று பல வருடங்களாகப் பேசிக்கொண்டிருந்தோம். போன வருடம் கிளம்பப் பத்து நாள் இருக்கும்போது, பெட்ரோல் கேனை சீட்டுக்கு அடியில் வைக்கலாம் என்றார் டிரைவர் மாப்பிள்ளை. ஒத்தக்காது கூடாது என்றான். மாப்பிள்ளை சிரித்தார். சலூன் நாற்காலி பறந்து வந்தது. மாப்பிள்ளைக்கு இரண்டு விலா எலும்பில் விரிசல். மலையும் போச்சு, நாற்காலியும் போச்சு.

இந்த வருடம் மாப்பிள்ளை கறாராகப் பேசிவிட்டார். "கிளம்புற வரைக்கும் எங்க மூணு பேரு மேல உன் கை படக்கூடாது. பட்டுச்சுன்னா வண்டி போகும், நீ போகமாட்ட."

ஒத்தக்காது தலையை ஆட்டினான்.

அந்த வண்டி யாருடையது என்று நினைக்கிறீர்கள்? யார்டுக்கு உடைபட வந்த மூன்று ஜீப்புகளின் எலும்பைப் பொறுக்கிப் பதினொரு மாதமாக அவனே கட்டிய வண்டி அது. ஒன்றின் சேஸிஸ், ஒன்றின் எஞ்சின், ஒன்றின் கதவுகள். வாழ்நாளில் ஒருநாள்கூட லீவு போட்டு எங்கேயும் போகாதவன். முன் சீட்டில் தான் உட்காரப்போகிற இடத்துக்கு மட்டும் ஒரு காரின் நல்ல மெத்தையைப் பிரித்து வைத்துத் தைத்திருந்தான்.

சனிக்கிழமைதோறும் சலூனில் உட்காருவோம். காலண்டர் தாளின் பின்பக்கம் முடி வெட்டுகிறவன் பாதையை வரைந்து வைத்திருந்தான். ஆற்றைக் கடக்கிற இடத்தில் ஒரு சுழி, செங்குத்து ஏற்றத்தில் ஒரு மண்டையோடு.

"எதுக்குடா மண்டையோடு?" என்று கேட்டேன்.

"அங்க சேறு. நாலு சக்கரமும் மாட்டும். வின்ச் இல்லாம ஏற முடியாது."

"மாட்டிக்கிட்டா இவனை எறக்கி விடு, மச்சான்," என்றார் மாப்பிள்ளை. "மலைக்கு ரெண்டு அறை விட்டான்னா அதுவே வழி விட்டுரும்."

"இவனுக்கு நான் பாதிக் கூலிதான் வாங்கணும். ஒரு பக்கம் காதைச் சுத்தி வெட்ற வேலையே இல்ல," என்றான் முடி வெட்டுகிறவன்.

ஒத்தக்காது எழுந்து வெளியே போனான். தெருவில் நின்ற ஜீப்பிலிருந்து டம் என்று ஒரு சத்தம். திரும்பி வந்து உட்கார்ந்தான். முட்டியில் ரத்தம். இப்படி விழுந்தவைதான் முதல் நான்கு குழிகள்.

கிளம்ப ஐந்து நாள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பகலில் யார்டுக்குப் பின்னால் இருக்கிற பள்ளத்தில், ஜீப்பின் முன்னால் பூட்டிய வின்ச்சைச் சோதித்துப் பார்த்தோம். வேண்டுமென்றே ஜீப்பைச் சேற்றில் இறக்கி, வடத்தை எதிரே புதைந்திருந்த பழைய தண்டவாளத்தில் மாட்டினோம். நீளமான வயரோடு சுவிட்ச் என் கையில். வடம் விறைத்துக்கொண்டு எழுந்தது. மாப்பிள்ளை நடந்துவந்து வடத்துக்கு இந்தப் பக்கம் ஒரு கால், அந்தப் பக்கம் ஒரு கால் போட்டு நின்றார்.

"டேய், ஒரு போட்டோ எடு."

"மாப்ள, தள்ளு," என்றான் ஒத்தக்காது.

"எடுத்துட்டுத் தள்ளுறேன்."

"தள்ளுன்னு சொல்றேன்ல."

"பார்றா, இவனுக்கு வாய் கூட வேலை செய்யுது!" மாப்பிள்ளை செருப்புக் காலால் வடத்தை ஒரு தட்டுத் தட்டினார். அது ரீங் என்றது. "பாட்டு வருதுடா இதுல."

ஒத்தக்காது பாய்ந்தான். நான் சுவிட்சை விடுவதற்குள் அவன் முஷ்டி மாப்பிள்ளையின் வாயில் இறங்கியது. சட்டையைப் பிடித்து இரண்டு சுற்றுச் சுற்றி, பத்தடி தள்ளிச் சேற்றில் எறிந்தான். மாப்பிள்ளை எழுந்து உட்கார்ந்து துப்பினார். ரத்தத்தோடு ஒரு பல் விழுந்தது.

வடம் அறுந்துபோகவில்லை. துளிச் சேதமும் இல்லாமல் அப்படியே இருந்தது.

"அவ்வளவுதான், மச்சான்," என்றார் மாப்பிள்ளை, வாயைப் பொத்திக்கொண்டு. "நீயே பார்த்த. இவன் வரலை."

நான் ஒத்தக்காதைப் பார்த்தேன். என் தங்கச்சி முகமும் ஞாபகத்துக்கு வந்தது. பேச்சு பேச்சுதான். "உன்னைக் கூட்டிட்டுப் போக முடியாதுடா," என்றேன்.

அவன் யார்டுக்குள் போய் ரம்பத்தோடும் ஒரு காலி டீசல் டிரம்மோடும் வந்தான். மாப்பிள்ளை நின்ற அதே இடத்தில் டிரம்மை நிறுத்தினான். வடத்தைத் தளர்த்தச் சொல்லிவிட்டு, அதில் ஒரு இடத்தை ரம்பத்தால் அறுக்க ஆரம்பித்தான்.

"நீ அறுத்தா அறுந்துதானடா போகும்?" என்றார் மாப்பிள்ளை.

"மலையில பாறை உரசி அறுக்கும். உன்னைக் கேட்டுட்டா அறுக்கும்?"

பாதிக்கு மேல் அறுத்தான். ஜீப் நகராதபடி அதன் பின்பக்கத்தைச் சங்கிலியால் கான்கிரீட் தூணில் கட்டினான். எங்கள் மூன்று பேரையும் கழுத்தைப் பிடிக்காத குறையாகப் பழைய லாரிக் கூண்டுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனான். சுவிட்சை என் கையிலிருந்து பிடுங்கி அழுத்தினான்.

வின்ச் முனகியது. சங்கிலி விறைத்தது. வடத்தின் இழைகள் ஒவ்வொன்றாகத் தெறிக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் ஒரே ஒரு வெடி. நான் கண்ணைத் திறந்தபோது டிரம் இரண்டு மடிப்பாக மடங்கி, வயிறு கிழிந்து, இருபதடி தள்ளிக் கிடந்தது. ஜீப்பின் முன் கண்ணாடி முழுவதும் உள்ளே கொட்டிக் கிடந்தது. அவன் தைத்து வைத்த மெத்தையை வடத்தின் முனை குறுக்கே பிளந்திருந்தது.

ஒத்தக்காது பேசினான், சுவிட்சைப் பார்த்துக்கொண்டே.

"எங்கண்ணன் கிட்ட நாலு தடவை வாயாலதான் சொன்னேன். தள்ளுண்ணே, தள்ளுண்ணேன்னு. அவனும் சிரிச்சான்."

சுவிட்சை என்னிடம் கொடுத்தான். "வேற வடம் போட்டுத் தர்றேன். வடத்து மேல ஒரு கனமான கோணி போட்டுட்டு இழுங்க, அறுந்தாலும் துள்ளாது. போயிட்டு வாங்க."

மாப்பிள்ளை டிரம்மின் பக்கம் நடந்துபோனார். கிழிசலுக்குள் கையை விட்டுப் பார்த்தார். தன் இடுப்பைத் தொட்டுப் பார்த்தார். திரும்பி வந்து ஒத்தக்காதின் முன்னால் நின்றார்.

"பல்லு போச்சுடா எனக்கு. திருப்பி ஒண்ணு குடுக்காம உன்னை வண்டியில ஏத்த மாட்டேன்."

ஒத்தக்காது வலது காதைப் பொத்தினான். "இந்தப் பக்கம் வேணாம். இருக்கிற காது ஒண்ணுதான்," என்று இடது கன்னத்தைக் காட்டினான்.

லாரி ஓட்டுகிற கை. விட்ட அறையில் ஒத்தக்காது பின்னால் போய் ஜீப்பில் மோதினான். உதடு கிழிந்தது. உடனே அவன் கண் மாறியதை நான் பார்த்தேன். முஷ்டி இறுகியது, தோள் பின்னால் போனது. முடி வெட்டுகிறவன் "ஐயோ" என்று கத்தினான். மாப்பிள்ளை நகரவில்லை.

முஷ்டி மாப்பிள்ளையின் காதை உரசிக்கொண்டு திரும்பிப் போய்க் கதவில் இறங்கியது.

ஐந்தாவது குழிதான் எல்லாவற்றையும்விட ஆழம். உள்ளங்கையை வைத்தால் உட்கார்ந்துகொள்ளும்.

முன் கண்ணாடி கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமை கண்ணாடி இல்லாமலேயே கிளம்பினோம். மாப்பிள்ளை ஓட்டினார். பக்கத்தில் கிழிந்த மெத்தையின் மேல் கோணியை மடித்துப் போட்டுக்கொண்டு ஒத்தக்காது உட்கார்ந்திருந்தான், வாயைத் திறந்தால் பூச்சி போகும் என்று உதட்டை இறுக்கிக்கொண்டு.