கார்டில் இல்லாத வயது

களக்காட்டில் வாழைத்தோட்டக் கூலி மாடக்கண்ணுவின் மகள் சுடலைவடிவு, மனுசருக்கு வயதாவது எப்படி என்று படிக்கப் பெங்களூருக்குக் கிளம்பினாள். ஊரே சிரித்தது.

"அதுக்கு எதுக்குட்டி அவ்வளவு தூரம்? எங்க மூஞ்சியப் பாத்தாலே தெரியுமே!" என்றாள் சித்தி.

"உங்க மூஞ்சியப் பாக்கத்தான் சித்தி திரும்பி வருவேன்" என்று சொல்லி ரயிலேறியவள், பதினோரு வருசம் கழித்து நிஜமாகவே வந்து நின்றாள். பாளையங்கோட்டையில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை.

அவள் வேலை இதுதான். நம் உடம்பின் செல்லுக்குள் நூல் நூலாகச் சில இருக்கின்றன. வயது ஏற ஏற அவற்றின் நுனி தேயும். தேய்ந்த செல் பெருகாமல் நின்றுவிட்டால் அது முதுமை. நிற்கச் சொன்னாலும் கேட்காமல் பெருகினால் புற்றுநோய். எந்த வயதுக்கு எவ்வளவு தேய்மானம் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. பீடி சுற்றும் பெண்களுக்கு அந்தக் கணக்கு எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான் அவள் வந்தாள். காலை முதல் பொழுது சாயும் வரை மடியில் இலையும் தூளும் பரப்பிய முறம் போன்ற சொளவு, மூக்கு முழுக்கப் புகையிலைத் தூள். அவள் அம்மாவும் அப்படித்தான் பீடி சுற்றி அவளைப் படிக்க வைத்தாள்.

நாற்பத்திரண்டு பெண்களிடம் நாலு வருசமாக ரத்தம் எடுத்தாள். முடிவு வந்தது. ஆதார் கார்டில் உள்ள வயதுக்கு அந்தப் பெண்களின் செல்கள் சராசரியாக ஐந்தாறு வருசம் இளமையாக இருந்தன! நிலைய இயக்குநருக்குச் சந்தோசம் தாங்கவில்லை. "பீடித் தூள் ஒண்ணும் செய்யாதுன்னு உலகத்துக்கே நாமதான் முதல்ல சொல்லப்போறோம்மா" என்றார்.

இருமி இருமி உட்கார்ந்திருக்கிறவர்களுக்கா இளமை? சுடலைவடிவு நேரே, ரத்தம் கொடுத்தவர்களில் ஒருத்தியான பாக்கியவதி வீட்டுக்குப் போனாள். கார்டில் பாக்கியவதிக்கு அறுபத்திரண்டு.

"எக்கா, தொண்ணூத்திரண்டுல ஆத்துல வெள்ளம் வந்துச்சே, அப்ப நீ எங்க இருந்த?"

"இங்கனதான். மூத்தவன் வயித்துல ஆறு மாசம்."

"கல்யாணம் ஆகி?"

"ஒரு வருசம். வயசுக்கு வந்து மூணு வருசம் இருக்கும்."

"அப்ப உனக்கு இன்னும் அம்பதே ஆகலையேக்கா!"

"ஏ பிள்ளா, பைய பேசு! முதியோர் பணத்தை நிறுத்திருவான்."

"யாரு இப்படி எழுதினது?"

"கார்டு எடுக்க வந்தவன் வயசு என்னன்னான். எனக்குத் தெரியுமா? அவன் என் நரைச்ச தலையப் பாத்தான், பல்லப் பாத்தான், அம்பதுன்னு தட்டிட்டான். அப்ப எனக்கு நாப்பதுகூட ஆகியிருக்காது போல."

பார்த்தீர்களா? தூள் அவளைச் சீக்கிரமே கிழவியாக்கியது. அந்தக் கிழட்டு முகத்தைப் பார்த்து ஒருவன் வயதைக் கூட்டினான். கூட்டிய வயதோடு ஒப்பிட்டதால் தேய்ந்த செல் இளமையாகத் தெரிந்தது. சுடலைவடிவு அத்தனை வீட்டுக்கும் போனாள். வெள்ளத்தையும் கல்யாணத்தையும் பிள்ளைப்பேற்றையும் கேட்டுக் கேட்டு வயதைத் திருத்தினாள். முப்பத்தொரு பேருக்குக் கார்டு தப்பு. திருத்திப் போட்டால் ஒவ்வொருத்தியின் செல்லும் ஏழெட்டு வருசம் முன்னாலேயே மூத்துக் கிடந்தது.

"வெள்ளத்தையெல்லாம் ஆதாரமா எழுத முடியாது" என்றார் இயக்குநர்.

"கார்டு எழுதினவன் பல்லைத்தானே சார் பாத்தான்?"

"சரி. பெயர்ப் பட்டியலைக் கொடு. யாருக்கு உண்மையில என்ன வயசுன்னு தாலுகா ஆபீஸ்ல சரிபார்க்கலாம்."

"பேரைக் குடுத்தா அவங்க பணம் நின்னுரும். ஒரு பேரும் தர மாட்டேன்."

"அப்ப கார்டு வயசோடயே கட்டுரை போகும். முதல் பெயர் உன்னோடதுதான்."

"என் பேரு அதுல இருக்காது சார். அது தப்புன்னு பத்திரிகைக்கு நானே எழுதுதேன்."

சொன்னபடி எழுதினாள். கட்டுரை நின்றது. அந்தப் பங்குனியோடு அவள் வேலையும் நின்றது. எடுத்து வைத்த ரத்தமெல்லாம் நிலையத்தின் சொத்தாகிவிட்டது.

திருநெல்வேலியில் ஒரு சின்னக் கல்லூரி, ஒரு அறையும் பழைய குளிர்பெட்டியும் கொடுத்தது. ஆனால் ரத்தம்? நாலு வருச உழைப்பை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பாக்கியவதி வீட்டு வாசலில் நின்றாள். அங்கே ஏழெட்டுப் பேர் பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

"எடுத்த ரத்தம் அங்கனயே மாட்டிக்கிட்டுக்கா. திரும்ப எடுக்கணும்."

"போன தடவையே எனக்குக் கிறுகிறுன்னு வந்துச்சு" என்று முனகினாள் ஒருத்தி.

"உனக்கு ரத்தம் எடுக்காட்டியும் கிறுகிறுன்னுதான வரும்" என்றாள் பாக்கியவதி. பிறகு சுடலைவடிவைப் பார்த்தாள். "உங்க டைரக்டரு எங்க பேரைக் கேட்டாராமே. குடுத்தியா?"

"குடுக்கலை."

"வேலை போச்சாமே?"

"போச்சு."

பாக்கியவதி சொளவை இறக்கி வைத்தாள். இலை வெட்டக் கத்தரி பிடிக்கும் வலது கையை விட்டுவிட்டு இடது கையை நீட்டினாள்.

"பெறவென்ன பேச்சு? ஊசியை எடு. நாங்க கிழவியா குமரியான்னு அந்த மனுசனுக்குத் தெரிய வேண்டாமா?"