ரோட்டில் காய்ந்த நெல்

பெருநகர் என்ற கிராமத்தில் வேலை பார்த்தபோது ஒரு பொமரேனியன் நாய் வளர்த்தேன். காலையில் அதைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு தார் ரோட்டில் நடப்பேன். அறுப்புக் காலத்தில் பாதி ரோட்டில் நெல் காயும். அதைக் காவல் காத்தவரின் பெயரை நான் கேட்டதே இல்லை. ஒடிசலான, கருத்த உடம்பு. தலையில் ஈரத் துண்டு. கால்களைத் தேய்த்துத் தேய்த்து நடந்தே நெல்லைக் கிளறிவிடுவார். அவர் போன வழியெல்லாம் ஏர் உழுததுபோல் நேராகச் சால் விழும்.

ஒருநாள் அவர் மறுகோடியில் இருந்தபோது என் நாய் நெல்லின் மேலேயே அசிங்கம் செய்துவிட்டது. யாரும் பார்க்கவில்லை என்று கயிற்றை இழுத்துக்கொண்டு நடந்துவிட்டேன்.

மறுநாள் அவர் என்னை நிறுத்தினார்.

“நேத்து உங்க நாயி நெல்லுல அசிங்கம் பண்ணிட்சி சார். நெலத்துக்காரரு பாத்துட்டாரு. சுத்தி கீற நெல்ல தனியா வாரி வெக்கச் சொன்னாரு.”

“தூக்கிப் போட்டாச்சா?”

“நெல்ல யாராச்சும் தூக்கிப் போடுவாங்களா சார்? சாயங்காலம் அதத்தான் எனக்குக் கூலியா அளந்தாரு. வூட்ல கழுவிக் காய வெச்சிக்கினு கீறோம்.”

நாயைத் திட்டினேன்.

“அத்த ஏன் சார் திட்றீங்க? கவுறு உங்க கையிலதானே கீது.”

அன்றிலிருந்து பழைய பேப்பர் கொண்டுபோய் நாயின் அசிங்கத்தை நானே வாரினேன். அவர் அதைக் கவனித்தாரா என்று தெரியாது. எதிரே வந்தால் குனிந்து நாயைத் தடவிக் கொடுப்பார். என்னை மட்டும் நிமிர்ந்து பார்க்கவே இல்லை.