மறைமலை நகரில் வைத்த கைநாட்டு

போன செவ்வாய்க்கிழமை அஸ்தினாபுரத்திலிருந்து மறைமலை நகருக்குப் போய் வந்தேன். இதற்கு ஒரு பயணக் கட்டுரையா என்று கேட்பீர்கள். போனது ஆப்பிரிக்காவில் நடந்த கொலைக்குச் சாட்சி சொல்ல. எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல போன் எழுதுகிறது.

ராணுவத்தில் சமையல்காரனாக இருந்தபோது, உலக நாடுகளின் அமைதிப் படையோடு என்னையும் அங்கே அனுப்பினார்கள். முகாம் வேலிக்கு வெளியே நடந்ததைக் கண்ணால் பார்த்தேன். அதை விசாரிக்க இப்போதுதான் போர்க்குற்ற நீதிமன்றம் அமைத்திருக்கிறார்கள். அதற்கு வாக்குமூலம் எடுக்கும் வக்கீலம்மா மறைமலை நகரில் இருக்கிறார்.

காலை ஒன்பது மணிக்கு ஷேர் ஆட்டோ. குரோம்பேட்டை ஸ்டேஷனுக்கு இருபது ரூபாய்.

"இன்னா பெர்சு, கோர்ட்டு கேசா?" என்றார் டிரைவர்.

"கொலக் கேசுப்பா."

"எந்த ஏரியா?"

"ஆப்பிரிக்கா."

"அங்க செத்தவனுக்கு இங்க சாட்சியா? வுடு பெர்சு, அவன் சொந்தக்காரனே மறந்துட்டு இருப்பான்."

"நான் மறக்கல. நீ ஓட்டு."

அவசரத்தில் தாம்பரத்தோடு நிற்கும் வண்டியில் ஏறிவிட்டேன். இறங்கி, அரை மணி நேரம் நின்று, செங்கல்பட்டு வண்டி பிடித்தேன். டிக்கெட் பத்து ரூபாய்தான். உட்கார இடம் கிடைக்கும் என்று மட்டும் நம்பாதீர்கள்.

வக்கீலம்மா கேட்கக் கேட்கச் சொன்னேன். தாவீது என்று ஒரு பள்ளிக்கூட வாத்தியார், தினமும் எங்கள் முகாம் குழாயில் தண்ணீர் பிடிக்க வருவார். அவரையும் இன்னும் ஆறு பேரையும் அந்த நாட்டுச் சிப்பாய்கள் கையைக் கட்டி, மண்டியிட வைத்துச் சுட்டார்கள். குமாஸ்தா ஆங்கிலத்தில் டைப் அடித்து முடித்ததும் என் கட்டை விரலைப் பிடித்து மையில் அழுத்தினார். விரலை உயரே தூக்கிக்கொண்டேன்.

"முதல்ல வாசிச்சுக் காட்டுங்க."

"நீங்க சொன்னதுதான் சார்."

"அப்ப வாசிக்க என்ன கஷ்டம்?"

வக்கீலம்மா தாளை வாங்கித் தமிழில் சொன்னார்: "மோதலில் ஏழு பேர் இறந்தனர்."

"மோதல்னு நான் சொல்லலையேம்மா."

"சுருக்கமா போட்டேன் சார். ஏழு பேர் செத்தது செத்ததுதானே?" என்றார் குமாஸ்தா.

"கை கட்டிக் கிடந்தவன் எப்படிய்யா மோதுவான்? நாளைக்கு எதிர்த்தரப்பு வக்கீல் இதையே காட்டி, போர்னா சாவு சகஜம்பான். மாத்தாம விரல் கீழ வராது."

வக்கீலம்மா குமாஸ்தாவைப் பார்த்தார். "மறுபடி அடிங்க."

மை காய்ந்துவிட்டது. மறுபடி தடவி, முழுக்கக் கேட்ட பிறகே வைத்தேன்.

சாட்சி சொல்லப் போகிறவர்களுக்கு: செங்கல்பட்டு வண்டிதானா என்று கேட்டு ஏறுங்கள். வாசித்துக் காட்டும் வரை, யார் பிடித்து இழுத்தாலும் கட்டை விரலை மடக்கியே வைத்திருங்கள். தாவீது வாத்தியார் மோதலில் சாகவில்லை.