வாசலில் கழுவிய எண்ணெய்

எங்கள் அண்ணன் பெத்துராஜ் காரை நிறுத்திவிட்டு இறங்கினால், பத்தடி போய் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார். அந்தக் கார் இருந்த பன்னிரண்டு வருஷமும் பார்த்திருக்கிறேன்.

ராஜபாளையத்து டாக்டர் ஒருவர் ஓட்டி அலுத்துக் கொடுத்த வெள்ளை வெளிநாட்டுக் கார் அது. அண்ணன் அதைக் கல்யாணங்களுக்கு வாடகைக்கு ஓட்டினார். பொண்ணு மாப்பிள்ளை அதில் ரதவீதி சுற்ற வேண்டும் என்று சிவகிரியிலிருந்தெல்லாம் வந்து கேட்பார்கள். அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. நான் புருஷன் போனபிறகு அவர் வீட்டில் இருக்கிறேன்.

போன வைகாசியில் கார் மாப்பிள்ளையோடு நடுரோட்டில் நின்றுவிட்டது. மதுரைக்கு ஏற்றிப் போனார்கள். கியர்பாக்ஸில் எண்ணெய் வற்றி உள்ளே எல்லாம் தேய்ந்துவிட்டது, ரொம்ப நாளாக ஒழுகியிருக்கும், மாற்ற மூன்றரை லட்சம் என்றார்களாம். காரை விற்றாலும் அவ்வளவு வராது.

தன் வாசலில் ஒரு சொட்டு கிடந்ததில்லை என்று அண்ணன் சாதித்தார். முந்தின வாரம் சர்வீஸ் பார்த்த லிங்கேஷ்தான் எதையோ கெடுத்துவிட்டான், மற்றபடி வண்டி கல்லுமாதிரி, செலவழித்தால் இன்னும் பத்து வருஷம் ஓடும் என்றார். ஒர்க்‌ஷாப் முன்னால் தெருவில் நின்று லிங்கேஷை ஏசினார். அந்தச் செலவுக்காக, பனவடலிசத்திரத்தில் இருக்கும் நிலத்தை விற்க ஆள் பேசினார்.

சொட்டு கிடந்தது. ஒரு வருஷமாக, சிவப்பாக, தினமும். கோலம் போடுமுன் சோப்புத்தூள் போட்டு வாரியலால் தேய்த்துக் கழுவியது நான்தான். கார் என்றால் சொட்டும் என்று நினைத்தேன். அந்த வண்டியைக் குறை சொல்லி அவரிடம் பேசவும் பயம்.

நிலத்துக்கு முன்பணம் வாங்க அவர் கிளம்பிய காலையில் சொன்னேன். பட்டன் போட்டுக்கொண்டிருந்த கை நின்றது.

"எத்தன நாளாட்டி?"

"போன வருஷம் சித்திரையிலருந்துண்ணே."

"அன்னைக்கே சொல்லியிருந்தா ஒரு ரப்பர் சீல் மாத்துனதோட போயிருக்குமேட்டி."

மிச்சப் பட்டனைப் போட்டார். என்னை ஏசியிருக்கலாம்.

ஒரு வருஷமாக ஒழுகின வண்டி இனித் தேறாது என்று, நிலம் பேசியவரிடம் வேண்டாம் என்று போனில் சொல்லிவிட்டு, நேரே லிங்கேஷிடம் போனார். தப்பு தன் மேல்தான் என்றாராம். எனக்காக அப்படிச் சொல்லியிருக்கிறார். லிங்கேஷ் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லையாம்.

"ஏசுனது தெருவுல. மன்னிப்பு மட்டும் ஒர்க்‌ஷாப்புக்குள்ளயா அண்ணாச்சி?"

இப்போது நிலம் இருக்கிறது. கார் மதுரையிலேயே உதிரிபாகத்துக்குப் போய்விட்டது. அண்ணன் மற்றவர்கள் வண்டிக்கு டிரைவராகப் போகிறார். லிங்கேஷ் எங்கள் தெரு வழியாக வருவதில்லை. கழுவியது நான் என்று அவனிடம் நான் இன்னும் போய்ச் சொல்லவில்லை.