பச்சை சட்டைக்காரரே, உங்களைத்தான்

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் ஆபீசுக்கு மேலே ஒரு விளம்பர அறை இருந்தது. ஒரு மேஜை, ஒரு மைக், கீழே நடப்பதெல்லாம் தெரிகிற மாதிரி ஒரு ஜன்னல். 1993-இல் தேவயானி அங்கே வேலைக்குச் சேர்ந்தாள். சொந்த ஊரான காணையிலிருந்து விழுப்புரம், விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் என்று இரண்டு பஸ் மாறி வருவாள். பள்ளிக்கூடத்தில் வாசிப்புப் போட்டி எதையும் விட்டதில்லை. அந்தக் குரல்தான் வேலை வாங்கிக் கொடுத்தது.

முதல் நாள் ஜவுளிக்கடை விளம்பரத்தைக் கணீரென்று படித்தாள். அடுத்த தாளை எடுத்ததும் குரல் இறங்கிவிட்டது. அது மூலம், பௌத்திரம் வைத்தியசாலை விளம்பரம்.

"வியாதி ஊர்ல எவனுக்கோ இருக்குது, நீ ஏம்மா வெக்கப்படறே? தெளிவாப் படி" என்றார் முதலாளி விருத்தாசலம்.

அதன் பிறகு அவள் எதற்கும் கூச்சப்படவில்லை.

மூன்றாம் மாதம் ஒரு வெயில் வேளை. மகனை வளைகுடா நாட்டுக்கு விமானம் ஏற்றிவிட்டுச் சென்னையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த கோட்டக்குப்பம் குல்சும் பீவி, புதுச்சேரி பஸ் நிற்கும் இடத்தில் மயங்கி விழுந்தார். ஜன்னல் வழியாக தேவயானி பார்த்தாள். கூட்டம் சட்டென்று வட்டமாகக் கூடியது. கூடியது கூடியபடியே நின்றது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"புதுச்சேரி பஸ் அருகே ஒரு அம்மா மயங்கி விழுந்திருக்கிறார். யாராவது உதவி செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்" என்று அறிவித்தாள்.

வட்டம் இன்னும் பெரிதானது. அவ்வளவுதான். யாரும் குனியக்கூட இல்லை. தேவயானிக்கு எரிச்சல் தலைக்கேறியது. எழுத்து நடையெல்லாம் பறந்துபோனது.

"சைக்கிள் ஸ்டாண்டு பக்கத்துல பச்சை சட்டை போட்டுக்கினு நிக்கிறவரே! உங்களத்தான்! அந்த அம்மாவத் தூக்கி நிழல்ல படுக்க வையுங்க. பூக்கடை அக்கா, நீங்க தண்ணி எடுத்தாங்க. ஆட்டோ ஸ்டாண்டு மீசைக்கார அண்ணே, ஜல்தி வண்டிய எடுங்க!"

பச்சை சட்டைக்காரன் தன் சட்டையை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டான். பிறகு ஓடினான். பூக்கடை சின்னபொண்ணு செம்போடு ஓடினாள். ஆட்டோ வந்தது. அதுவரை கல்லாய் நின்ற கூட்டத்திலிருந்து ஒருவர் விசிறினார், ஒருவர் பையைப் பத்திரமாக எடுத்துக்கொண்டார், ஒரு பெண் "நான் கூடப் போறேன்" என்று ஆட்டோவில் ஏறியே விட்டாள். ஒருவன் நகர்ந்ததும் எல்லோருக்கும் கால் முளைத்த மாதிரி இருந்தது. காலையிலிருந்து சாப்பிடாத மயக்கம்தான். குல்சும் பீவி சாயங்காலமே ஊர் போய்ச் சேர்ந்தார். அடுத்த வாரம் ஒரு தூக்கு நிறைய பிரியாணியோடு மாடிப்படி ஏறி வந்து, தேவயானியின் கன்னத்தைத் தடவி, தானே ஊட்டிவிட்டார்.

பச்சை சட்டைக்காரன் பெயர் இளவழகன். சைக்கிள் ஸ்டாண்டு அவனுடையது. அதன் பிறகு அவன் அடிக்கடி மாடிக்கு வரத் தொடங்கினான். ஸ்டாண்டில் கிடந்தது என்று ஒரு நாள் சாவிக்கொத்து, ஒரு நாள் குழந்தையின் ஒற்றைச் செருப்பு, ஒரு நாள் சீப்பு. ஒவ்வொன்றையும் மைக்கில் அறிவிக்கச் சொல்வான். ஒரு நாள் குடையோடு வந்தான். தேவயானி அதை விரித்துப் பார்த்தாள்.

"நேத்து மழையில இதப் புடிச்சிக்கினு நீங்கதானே நின்னீங்க?"

இளவழகனுக்குக் காது வரை சிவந்துபோனது. போனவன் வாசலில் நின்று திரும்பினான்.

"ஒண்ணு சொல்லணுங்க. அன்னிக்கி எனக்கு நல்ல பேரு வந்துச்சி. ஆனா நானும் வேடிக்கை பாத்துக்கினுதான் நின்னேன். எல்லாரும் சும்மா நிக்கிறாங்களே, பெருசா ஒண்ணும் இருக்காதுன்னு நெனச்சேன். நீங்க சொன்னப்பறந்தான் அது என் வேலைன்னு தோணுச்சி."

தேவயானிக்கு அவனைப் பிடித்துப்போனது அந்தக் குடையாலா, இந்தப் பேச்சாலா என்று அவளுக்கே தெரியாது. இரண்டாம் வருஷம் கல்யாணம். பஸ் ஸ்டாண்டே காணைக்கு வந்திருந்தது. அதன் பிறகு திண்டிவனத்திலேயே குடித்தனம்.

அவன் சொன்னதை அவள் தொழிலாகவே ஆக்கிக்கொண்டாள். "யாராவது" என்ற வார்த்தை அந்த மைக்கிலிருந்து மறைந்தது. வழி தெரியாத கிழவருக்கு ஆள் வேண்டுமா? "மூணாம் நம்பர் தூண்ல சாஞ்சிக்கினு பேப்பர் படிக்கிற சார்" என்பாள். கைக்குழந்தையோடு மூட்டை தூக்க முடியாதவளுக்கு, "மல்லாட்டைத் தோல உரிச்சிக் கொறிச்சிக்கினு இருக்கிற காலேஜ் பசங்க ரெண்டு பேரு" என்பாள். முடிந்ததும் மறக்காமல் நன்றி சொல்வாள். பேர் வாங்கியவர்கள் அன்று முழுக்க நெஞ்சை நிமிர்த்தி நடப்பார்கள். சிலர் அவள் குரல் கேட்டதும் தூணுக்குப் பின்னால் ஒளிவார்கள்.

"தூணுக்குப் பின்னாடி வெள்ளை வேட்டி தெரியுதுங்க" என்பாள். பஸ் ஸ்டாண்டே சிரிக்கும். வேட்டிக்காரரும் சிரித்துக்கொண்டே வெளியே வருவார்.

"விளம்பரத்துக்கு நேரமே இல்ல, பெரிய பேஜாரா போச்சும்மா" என்று விருத்தாசலம் தலையில் கை வைத்தார். ஆனால் அவள் என்ன சொல்லப்போகிறாளோ என்று ஜனங்கள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றதால், நடுவில் வந்த விளம்பரமும் காதில் விழுந்தது. கடைக்காரர்கள் தேடி வந்தார்கள். முதலாளி வாயை மூடிக்கொண்டார்.

2011 டிசம்பர் கடைசியில் 'தானே' புயல் அடித்தது. விடிந்ததும் காற்று கொஞ்சம் தணிய, தேவயானியும் இளவழகனும் விழுந்த மரங்களைத் தாண்டி பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார்கள். புதுச்சேரி, கடலூர் போகவேண்டியவர்கள் நனைந்த மூட்டைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். குழந்தைகள் பசியில் அழுதன. கரண்டு இல்லை, மைக்கும் இல்லை. டீக்கடையில் காஸ் அடுப்பு மட்டும் இருந்தது. கஞ்சி காய்ச்ச மளிகைக்கடைக்காரர் ஒரு மூட்டை கேப்பை மாவு கொடுத்தார்.

மைக் இல்லாமல், இத்தனை முகங்களுக்கு நடுவே தேவயானி நின்றது அதுதான் முதல் தடவை. அவளுக்குப் பதற்றத்தில் எல்லாமே மறந்துபோனது.

"யாராவது வாங்களேன்! யாராவது அண்டா கொண்டாங்களேன்!" என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

ஒருவரும் அசையவில்லை.

பூக்கடை சின்னபொண்ணு இடுப்பில் கை வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். "ஏ தேவயானி! யாராவதுன்னா எவன் வருவான்? நீ கத்துக் குடுத்தத நீயே மறந்துட்டியே!" என்றவள் கூட்டத்தைப் பார்த்து விரலை நீட்டினாள். "கண்ணாடி போட்ட தம்பி, ஓட்டல்ல போயி அண்டா வாங்கியா. ரோஸ் பொடவம்மா, நீங்க மாவக் கரைங்க. சூட்கேஸ் மேல குந்திக்கினு இருக்கிற சாரு! நீங்க வந்து கிண்டுங்க."

"அக்கா!" என்று தேவயானி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

சூட்கேஸ்காரர் பெயர் பெரியசாமி, புதுச்சேரி போகவேண்டிய ஒரு விதைக் கம்பெனி ஏஜெண்டு. விடிந்ததிலிருந்து கவர்மெண்டையும் மழையையும் திட்டிக்கொண்டிருந்தவர். "நானா? எனக்குக் கஞ்சி வெக்கவெல்லாம் தெரியாதும்மா" என்றார்.

"வெக்க வேணாம். கிண்டுங்க. கை நின்னா கட்டி தட்டிடும்" என்று கரண்டியைக் கையில் திணித்தாள் சின்னபொண்ணு.

முதலில் முகத்தைச் சுளித்துக்கொண்டு கிண்டினார். ஆவி மூக்கில் ஏற ஏறச் சட்டைக் கையை மடித்துவிட்டார். இன்னும் கொஞ்ச நேரத்தில் உப்பு பார்த்தார். அதற்கப்புறம் யார் கரண்டியைக் கேட்டாலும் கொடுக்கவில்லை. இளவழகன் வரிசை பார்த்துக்கொண்டான். முதல் டம்ளர் வாங்கிய சிறுமி மீசை முளைத்த மாதிரி உதட்டில் கஞ்சியோடு அவரைப் பார்த்துச் சிரித்தாள். பெரியசாமி உடனே அவளுக்கு இன்னொரு கரண்டி ஊற்றினார். முதல் அண்டா காலியாகி, இரண்டாவது அடுப்பேறியது.

மதியம் தாண்டி, மரங்களை வெட்டிப் பாதை விட்டதும் முதல் புதுச்சேரி பஸ் வந்தது. ஜனங்கள் மூட்டையோடு ஓடினார்கள். ஏறி முடிந்தும் ஒரு சூட்கேஸ் மட்டும் அப்படியே கிடந்தது.

"சாரு, உங்க பஸ்ஸு!" என்று தேவயானி கூவினாள்.

"இரும்மா, இன்னும் அம்பது பேருக்கு மேல உக்காந்திருக்காங்க. இப்ப விட்டா கட்டி தட்டிடும்!"

கண்டக்டர் விசில் ஊதினார். பெரியசாமி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கண்டக்டர் இறங்கி வந்து அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தார். ராத்திரியிலிருந்து அவரும் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

"எனக்கும் டிரைவருக்கும் ரெண்டு டம்ளர் ஊத்துங்க" என்றார். "நீங்க கிண்டி முடிங்க. பஸ்ஸு நிக்கும்."