சினை ஊசியும் மூன்றாம் ஓலையும்

கரம்பொன் ஊர் அருளப்புவுக்கு அரசாங்கத்தில் கிடைத்த வேலை பசுக்களுக்குச் சினை ஊசி போடுவது. நல்ல இனக் காளையின் விந்தைக் குளிர்க்குடுவையில் வைத்துச் சைக்கிளில் கட்டிக்கொண்டு அவர்கள் தீவின் ஊரெல்லாம் போவான். 1984 தை தொடங்கி 1988 ஐப்பசி முடிய அவன் கைபட்டுப் பிறந்த கன்றுகள் இருநூற்றுப் பதினொன்று. சிலர் இருநூற்றுப் பன்னிரண்டு என்பார்கள். அந்த ஒன்று வேலி பாய்ந்துபோன பசுவின் கன்று. அதைத் தன் கணக்கில் சேர்க்க அவன் சம்மதிக்கவேயில்லை. அவ்வளவு நேர்மை.

ஊரில் அவனுக்கு மரியாதைதான். ஆனாலும் ஞாயிறு பூசையில் ஒருவருக்கொருவர் கைகொடுத்துச் சமாதானம் சொல்லும் நேரம் பக்கத்தில் நிற்பவர்கள் கை கொடுக்காமல் கும்பிட்டுவிடுவார்கள். பசுவுக்குள் போய்வந்தாலும் இரண்டு தரம் சவர்க்காரம் போட்ட கை அது என்பது வீட்டாருக்கு மட்டுமே தெரியும்.

1988 நவம்பர் இருபத்துமூன்று, புதன்கிழமை, அவனுக்கும் பக்கத்து ஊர் நாரந்தனை மரியபுஸ்பத்துக்கும் கலியாணம் என்று முடிவாகியிருந்தது. அதற்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிக்க வேண்டும்: இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று. நாள் தவறினால், கலியாணம் செய்யாத திருவருகைக் காலம் தொடங்கிவிடும். பிறகு தையில்தான் கலியாணம். பெண்ணின் தகப்பனோ, தை வரைக்கும் பொறுக்க மாட்டேன், மன்னாரில் இன்னொரு மாப்பிள்ளை இருக்கிறான் என்று முதலே சொல்லிவைத்த மனிதர்.

ஓலை வாசிப்பவர் கோயில் மூப்பர் பஸ்ரியாம்பிள்ளை. இரண்டாம் ஓலையை வாசித்த கையோடு, தடை சொல்ல அவரே சுவாமியாரிடம் போனார். குழாயில் பிள்ளை உண்டாக்குவது முறையல்ல என்று ரோமாபுரி விட்ட அறிக்கையைப் பற்றி அந்தக் கிழமைதான் ஒரு பத்திரிகையில் வாசித்திருந்தார். அருளப்பு செய்வதும் அதே பாவம்தானாம்.

கலியாணத்துக்கு ஒரு கிழமை முந்திய புதன்கிழமை காலை, சுவாமியார் குடியிருக்கும் அறைவீட்டில் விசாரணை. அருளப்புவோடு அவன் அக்கா கத்தரீனாவும் போனாள்.

"சுவாமி, பசு காளையைக் காணேல்லை. காளை பசுவைக் காணேல்லை. நடுவில இவர் நிக்கிறார்" என்றார் மூப்பர்.

அறிக்கை மனிதரைப் பற்றியது என்று சுவாமியார் விளக்கினார். மூப்பர் அதற்கும் பதில் வைத்திருந்தார்.

"மாட்டுப்பொங்கலுக்கு நீங்கள்தானே சுவாமி தீர்த்தம் தெளிச்சனீங்கள். தெளிச்ச பிறகு அதுகள் கோயில் மாடுகளெல்லோ. கோயில் சட்டம் அதுகளுக்கும் உண்டு."

சுவாமியார் மூப்பரின் பக்கம் திரும்பினார்.

"அப்ப மூப்பர், முந்தி உம்மட பசு காளையோட சேர்ந்ததுக்கு எந்த ஞாயிறு ஓலை வாசிச்சனீர்?"

கத்தரீனா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். சுவாமியார் சிரிக்கவில்லை.

"பிள்ளை செய்து எடுக்கிற சாமானில்லை, அது கடவுள் தாற கொடை. அறிக்கையில இருக்கிறது அதுதான். மாட்டை எங்களிட்டப் பாத்துக்கொள்ளத் தந்திருக்கிறார். அதை வதைக்காமல் விட்டால் சரி."

மூப்பர் விடவில்லை. ஆயருக்குக் கடிதம் எழுதிக் கேட்போம், பதில் வரும்வரை ஓலையை நிறுத்தி வைப்போம் என்றார். ஆயரின் பதில் வர ஒரு மாதமாகும். மன்னார் மாப்பிள்ளை அருளப்புவின் கண்முன்னால் வந்து நின்றான்.

ஒரு வார்த்தை சொன்னால் தப்பலாம். மூப்பர் வீட்டு வெள்ளைப் பசு இரண்டு முறை ஈன்றதும் அவன் போட்ட ஊசியால்தான். மூப்பர் மீன் வாங்கப் போன நேரம் பார்த்து அவர் மனைவி திரேசம்மா கூப்பிட்டுப் போடுவித்தாள். ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்று அந்தோனியார் மேல் சத்தியமும் வாங்கியிருந்தாள். அருளப்பு அந்தச் சத்தியத்தை மீறவில்லை.

அந்த நேரம் திரேசம்மாவே மூச்சிரைக்க வாசலில் வந்து நின்றாள். புருசன் உள்ளே இருப்பதை அவள் கவனிக்கவில்லை.

"தம்பி, உம்மை எங்கெல்லாம் தேடுறது? வெள்ளைச்சி நேற்றுப் பின்னேரம் தொடக்கம் காளை தேடிக் கத்துது. மத்தியானம் தாண்டினால் சரிவராதெண்டு நீர்தானே போன முறை சொன்னனீர்."

மூப்பர் மனைவியைப் பார்த்தார், சுவாமியாரைப் பார்த்தார், கடைசியில் சுவரிலிருந்த மணிக்கூட்டைப் பார்த்தார். பத்தேமுக்கால்.

"சுவாமி, வதைக்காமல் விட்டால் சரியெண்டுதானே சொன்னனீங்கள்?"

"ஓம்."

"அப்ப எழும்பும் தம்பி, நேரம் போகுது."

பசுவின் வாலைப் பிடித்துக்கொண்டு நின்றவர் மூப்பரேதான்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் ஓலையையும் அவரே வாசித்தார். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்ற இடத்தில் மூச்சுக்கூட விடாமல், அடுத்த கிழமை எல்லாரும் கூடிக் கோயில் வளவு துப்புரவாக்கும் சிரமதான அறிவித்தலுக்குப் பாய்ந்துவிட்டார்.